சிகிச்சையில் இருப்பவரிடம் விலகல் கடிதம் வாங்காதீர்கள்: டெல்டா வணிகர்களுக்கு ஒரு திறந்த மடல்

கும்பகோணம், தஞ்சாவூர், மயிலாடுதுறை, திருவாரூர், மன்னார்குடி, நாகப்பட்டினம், பட்டுக்கோட்டை ஊர்களில் ஜவுளிக் கடையும் நகைக் கடையும் பாத்திரக் கடையும் மளிகை மண்டியும் அரிசி ஆலையும் தனியார் பள்ளியும் நடத்திவரும் பெருமக்களுக்கும், அவர்களுடைய சங்கங்களின் நிர்வாகிகளுக்கும் வணக்கம்.

உங்களைப் போன்றவர்களின் சம்பளப் பேரேட்டை எழுதிக் கொடுப்பது என் பிழைப்பு. வருகைப் பதிவேட்டைப் பார்த்து நாள் கணக்குப் போட்டு, பற்று கழித்து, மாதம் 15ஆம் தேதிக்குள் தொழிலாளர்களுக்கான அரசுக் காப்பீடான இ.எஸ்.ஐ.க்கும் வருங்கால வைப்பு நிதிக்கும் பணம் கட்டி முடிப்பேன். ஒரு பெயர் எந்த மாதம் பேரேட்டில் ஏறுகிறது, எந்த மாதம் இறங்குகிறது என்பது எனக்குத் தெரியும். ஏன் இறங்கியது என்பதும் பெரும்பாலும் தெரியும். அந்த அறிவை வைத்துக்கொண்டுதான் இதை எழுதுகிறேன்.

கேட்பது ஒன்றே ஒன்று. உங்களிடம் வேலை பார்ப்பவருக்குப் பெரிய நோய் வந்து சிகிச்சை நடக்கும் காலத்தில், அவருடைய இடத்தை அவருக்காக வைத்திருங்கள். அவரிடம் விலகல் கடிதம் எழுதி வாங்காதீர்கள்.

நம் ஊர் முதலாளிகளுக்கு இரக்கம் இல்லை என்று நான் சொல்ல மாட்டேன். ஆள் படுத்துவிட்டார் என்று கேள்விப்பட்டால் வீடு தேடிப் போகிறீர்கள். பழமும் ஹார்லிக்ஸும் வாங்கிப் போகிறீர்கள். செலவுக்கு வைத்துக்கொள் என்று 5,000, 10,000 கொடுப்பவர்கள் இருக்கிறார்கள். திரும்பக் கேட்காதவர்களும் இருக்கிறார்கள். அந்தப் பணத்தோடு கூடவே ஒரு வெள்ளைத்தாளும் நீட்டப்படுகிறதே, அதைப் பற்றித்தான் பேச வேண்டியிருக்கிறது.

என் அக்கா ஒரு ஜவுளிக் கடையின் புடவைப் பிரிவில் பத்தாண்டுக்கும் மேலாக நின்றவர். மார்பகப் புற்றுநோய் என்று தெரிந்து அறுவை சிகிச்சை முடிந்து, முதல் கீமோ ஏற்றிய வாரத்தில் கடை மேலாளர் வீட்டுக்கு வந்தார். தன்மையான மனிதர். காபி குடித்தார், குழந்தைகளின் படிப்பை விசாரித்தார், முதலாளி கொடுத்தனுப்பிய உறையை அக்காவிடம் கொடுத்தார். பிறகு சட்டைப் பையிலிருந்து மடித்த தாளை எடுத்து, “நான் சொல்லச் சொல்ல எழுதும்மா. கணக்கு முடிக்க ஒரு தாள் வேண்டும். உடம்பு தேறியதும் வா, பார்த்துக்கொள்ளலாம்” என்றார். அக்காவின் புறங்கையில் ஊசி ஏற்றிய இடம் கன்றி நீலம் பாரித்திருந்தது. பேனாவை அழுத்தினால் வலித்தது. நிறுத்தி நிறுத்தி எழுதினார்: “எனது சொந்தக் காரணங்களை முன்னிட்டு வேலையிலிருந்து விலகிக்கொள்கிறேன்.” நோய் என்றோ சிகிச்சை என்றோ அதில் ஒரு வரி இல்லை. சிகிச்சையெல்லாம் முடிந்து, முடி வளர்ந்து, அக்கா போய் நின்றபோது அந்தப் பிரிவில் வேறொரு பெண் இருந்தார். இப்போதைக்கு ஆள் தேவைப்படவில்லை என்று சொல்லி அனுப்பினார்கள். எந்தக் கடை என்று இங்கே சொல்லப் போவதில்லை. ஒரு கடையில் மட்டும் நடப்பதாக இருந்தால் நான் அவர்களுக்கே நேரில் எழுதியிருப்பேன்.

அந்தத் தாள் எதற்காக வாங்கப்படுகிறது என்பது உங்களுக்கும் தெரியும், உங்கள் கணக்கருக்கும் தெரியும். எழுதிக் கொடுப்பவருக்குத்தான் தெரியாது. 1947ஆம் ஆண்டின் தமிழ்நாடு கடைகள் மற்றும் நிறுவனங்கள் சட்டத்தின் 41ஆம் பிரிவு, 6 மாதத்துக்குக் குறையாமல் தொடர்ந்து வேலை பார்த்த ஒருவரைத் தகுந்த காரணம் இல்லாமலும், ஒரு மாத முன்னறிவிப்போ அதற்கு ஈடான சம்பளமோ கொடுக்காமலும் நிறுத்தக் கூடாது என்கிறது. நிறுத்தினால் அவர் மேல்முறையீட்டுக்குப் போகலாம். ‘நானே விலகிக்கொள்கிறேன்’ என்று கைப்பட எழுதிக் கொடுத்தவருக்கு அந்த வழி அநேகமாக அடைபட்டுவிடுகிறது. வற்புறுத்தித்தான் வாங்கினார்கள் என்று நிரூபிக்கும் பாரமும் அவர் தலையில் விழுகிறது. கீமோவுக்கு நடுவில் தொழிலாளர் அலுவலகப் படி ஏற யாரால் முடியும்?

அதே சட்டம் ஓராண்டு வேலை பார்த்தவருக்குச் சம்பளத்தோடு 12 நாள் விடுமுறையும், நோய்க்காக 12 நாளும், தற்செயல் விடுப்பாக 12 நாளும் கொடுக்கிறது. காய்ச்சலுக்கும் கால் சுளுக்குக்கும் அது போதும். பெரிய நோய்க்கு எப்படிப் போதும் என்று சேர்ந்து கணக்குப் போட்டுப் பார்ப்போம்.

கீமோ பலருக்கு 21 நாளுக்கு ஒரு முறை. ஏற்றுகிற நாள் ஒன்றுதானே என்று நினைக்கக் கூடாது. ஏற்றிய பிறகு வாந்தியும் அசதியுமாகச் சில நாள் போகும். அடுத்து, ஏறக்குறைய 7ஆம் நாளிலிருந்து 14ஆம் நாள் வரை இரத்தத்தில் வெள்ளை அணுக்கள் மிகவும் குறையும். அப்போது கூட்டத்தில் நின்றால் சாதாரணச் சளிகூட ஆளைச் சாய்த்துவிடும். ஐப்பசி மாதத்து ஜவுளிக் கடைக் கூட்டத்தில் அப்படிப்பட்டவரை நிறுத்தலாமா? மூன்றாவது வாரத்தில் ஆள் ஓரளவு தேறிவருவார். கதிர்வீச்சுச் சிகிச்சையின் கணக்கு வேறு. வாரத்துக்கு 5 நாள், பலருக்கு 5 வாரம், சிலருக்கு 6 வாரம். கருவிக்கு அடியில் படுத்திருப்பது சில நிமிடங்கள்தான். ஆனால் வேதாரண்யத்திலிருந்தோ கோடியக்கரையிலிருந்தோ தஞ்சாவூருக்கு வந்து போகிறவருக்கு அந்தச் சில நிமிடத்துக்காக நாள் முழுவதும் போய்விடும். புதுச்சேரி ஜிப்மருக்கும் சென்னை அடையாறுக்கும் போகிறவர்கள் அங்கேயே அறை எடுத்துத் தங்க வேண்டியதுதான். சிறுநீரகம் செயலிழந்தவருக்கு வாரத்துக்கு 3 முறை, ஒவ்வொரு முறையும் 4 மணி நேரம் டயாலிசிஸ். காசநோய்க்கு 6 மாத மருந்து.

இவை எல்லாவற்றுக்கும் தேதி உண்டு என்பதைத்தான் உங்கள் கவனத்துக்குக் கொண்டுவர விரும்புகிறேன். திடீரென்று சொல்லாமல் நின்றுவிடுகிற ஆளைப் போல நோயாளியை நடத்துகிறோம். அவரோ அடுத்த தவணை எந்த நாள், அதற்கு அடுத்தது எந்த நாள் என்று மருத்துவமனை நோட்டில் எழுதி வாங்கி வைத்திருக்கிறார். அந்த நோட்டைக் கேட்டு வாங்கிப் பார்த்த முதலாளியை நான் அரிதாகவே கண்டிருக்கிறேன். பார்த்தால் எந்த வாரம் ஆள் வர மாட்டார், எந்த வாரம் உட்கார்ந்து பில் போடும் அளவுக்காவது வருவார் என்று முன்கூட்டியே தெரிந்துவிடும். சரக்கு வரத்துக்கும் முகூர்த்த நாளுக்கும் மாதக் கணக்கில் முன்னால் திட்டம் போடத் தெரிந்த உங்களுக்கு இது ஒரு பெரிய காரியமா?

அக்காவுக்குத் துணையாக வார்டில் உட்கார்ந்திருந்தபோது ஒரு பெண் செவிலியரிடம் கேட்டது இன்றும் காதில் இருக்கிறது. வலங்கைமான் பக்கத்திலிருந்து வந்தவர், மளிகைக் கடையில் பொட்டலம் கட்டுகிறவர். “ஞாயிற்றுக்கிழமை ஏற்ற மாட்டீர்களா சிஸ்டர்? அன்றைக்குத்தான் எனக்கு லீவு.” செவிலியர் இல்லை என்று தலையசைத்தார். அந்தப் பெண் அடுத்த தவணைக்கு வரவில்லை. தீபாவளி வியாபாரம் முடிந்து வந்தார். தவணை தள்ளிப் போகப் போக மருந்தின் பலன் குறையும் என்று மருத்துவர் கடிந்துகொண்டார். அவர் தலைகுனிந்து கேட்டுக்கொண்டார். கடையில் யாரும் அவரை வரக் கூடாது என்று சொல்லவில்லை, வந்தே ஆக வேண்டும் என்றும் சொல்லவில்லை. நின்றுவிட்டால் இடம் போய்விடும் என்ற பயம் ஒன்றே போதுமானதாக இருந்தது.

இனி பணத்தைப் பற்றி. படுத்துக் கிடப்பவருக்கு எத்தனை மாதம் சம்பளம் கொடுப்பது என்று நீங்கள் கேட்பீர்கள். நியாயமான கேள்வி. பதில் உங்கள் பேரேட்டிலேயே இருக்கிறது. 10 பேரும் அதற்கு மேலும் வேலை பார்க்கும் இடத்தில், மாதம் 21,000 ரூபாய் வரை சம்பளம் வாங்குகிறவருக்கு இ.எஸ்.ஐ. உண்டு. 12,000 ரூபாய் சம்பளக்காரருக்கு நீங்கள் கட்டுவது 3.25 சதவீதம், அதாவது 390 ரூபாய். அவர் பங்கு 0.75 சதவீதம், 90 ரூபாய். போதிய நாள் பணம் கட்டியிருந்தால் நோய்க் காலத்தில் ஆண்டுக்கு 91 நாள் வரை சம்பளத்தில் 70 சதவீதத்தை இ.எஸ்.ஐ. கழகமே கொடுக்கிறது. புற்றுநோய், காசநோய், பக்கவாதம், நாள்பட்ட சிறுநீரகச் செயலிழப்பு உட்பட 34 நீண்டகால நோய்களுக்கு 80 சதவீதம் வரை, தேவைப்பட்டால் 2 ஆண்டு வரை நீட்டித்துக் கொடுக்கிறது. 12,000 ரூபாய்க்காரரின் வீட்டுக்கு மாதம் 9,600 ரூபாய் அளவில் வரும். உங்கள் கல்லாவிலிருந்து ஒரு ரூபாய் போவதில்லை. இடத்தை வைத்திருப்பது மட்டும்தான் உங்கள் பங்கு.

ஆனால் அந்த 80 சதவீதத்துக்கு ஒரு நிபந்தனை இருக்கிறது. தொடர்ந்து 2 ஆண்டு இ.எஸ்.ஐ. உள்ள வேலையில் இருந்திருக்க வேண்டும், அந்தக் காலத்தில் குறைந்தது 156 நாளுக்குப் பணம் கட்டியிருக்க வேண்டும். நம் ஊரில் ஆள் உடைந்துபோவது இந்த இடத்தில்தான். கடையில் 8 ஆண்டு வேலை பார்த்திருப்பார், பேரேட்டில் சேர்ந்து 8 மாதம்தான் ஆகியிருக்கும். 15 பேர் வேலை பார்க்கும் கடையில் பதிவேட்டில் 9 பேர் இருப்பார்கள். அண்ணன் பெயரில் ஒரு கடை, தம்பி பெயரில் ஒரு கடை, நடுவில் சுவர் கிடையாது. மாதம் 390 ரூபாயை மிச்சப்படுத்த நினைத்துச் செய்வதன் விலையை, நோய் வரும் நாளில் அந்தத் தொழிலாளி மாதத்துக்கு 9,600 ரூபாயாகக் கொடுக்கிறார். இதைப் படிக்கும் கடைக்காரர் ஒருவராவது நாளைக்கே விடுபட்ட பெயர்களை ஏற்றச் சொன்னால் நான் இந்த மடல் எழுதியதற்கு அர்த்தம் இருக்கும்.

முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டம் இருக்கிறதே என்று சிலர் சொல்வார்கள். ஆண்டு வருமானம் 1,20,000 ரூபாய்க்கு உட்பட்ட குடும்பத்துக்கு ஆண்டுக்கு 5 லட்சம் ரூபாய் வரை சிகிச்சைச் செலவை அது ஏற்கிறது. அது இல்லாவிட்டால் இந்த டெல்டாவில் எத்தனை தாலி அடகுக் கடைக்குப் போயிருக்கும் என்று நினைத்தால் நெஞ்சு பதறுகிறது. ஆனால் அந்தப் பணம் மருத்துவமனைக்குப் போகிறது. வீட்டு வாடகைக்கும் பால் கணக்குக்கும் அதிலிருந்து எடுக்க முடியாது. மருந்து இலவசமாகக் கிடைத்தும், வேலை போய்விடுமோ என்று சிகிச்சையைப் பாதியில் விடுகிறார்கள்.

நோயில் கிடக்கிற தொழிலாளியை விலக்கக் கூடாது என்பது புதிய யோசனையும் அல்ல. நோய்ப் பயன், அதாவது நோய்க் காலத்துக்கான இ.எஸ்.ஐ. பணம், பெற்றுக்கொண்டிருக்கும் காலத்தில் ஒரு தொழிலாளியை முதலாளி விலக்கவோ தண்டிக்கவோ கூடாது, அப்போது கொடுக்கும் நீக்க அறிவிப்பு செல்லாது என்று 1948ஆம் ஆண்டின் இ.எஸ்.ஐ. சட்டத்தில் 73ஆம் பிரிவாக எழுதிவைத்தார்கள். இப்போது மத்திய அரசின் தொழிலாளர் சட்டங்கள் பலவற்றை நான்காகத் தொகுத்திருக்கிறார்கள். தொகுத்ததால் அந்த வாசகத்தின் நியாயம் குறைந்துவிடாது. எச்.ஐ.வி. உள்ளவர் என்பதற்காக வேலையிலிருந்து நீக்கக் கூடாது என்று 2017ஆம் ஆண்டுச் சட்டம் தனியார் நிறுவனங்களுக்கும் சேர்த்தே சொல்கிறது. புற்றுநோய்க்கோ சிறுநீரக நோய்க்கோ அப்படி ஒரு தனிச் சட்டம் வரவில்லை. இன்னொரு பக்கம், நீடித்த உடல்நலக் குறைவுக்காக ஒருவரை நிறுத்தினால் அது ஆட்குறைப்பு ஆகாது என்று 1947ஆம் ஆண்டின் தொழில் தகராறுகள் சட்டம் ஒரு விலக்கையும் வைத்திருந்தது. சட்டம் ஒரு கையால் பிடித்து மறு கையால் விட்டிருக்கிறது. அதனால்தான் அரசுக்கு எழுதும் முன் உங்களுக்கு எழுதுகிறேன். சட்டம் விட்ட இடத்தை நீங்கள் நினைத்தால் இன்றே அடைக்கலாம்.

இது தஞ்சாவூர் மண். உடம்பு முடியாத பண்ணையாளின் நிலை என்னவாக இருந்தது என்று வீட்டில் பெரியவர்களைக் கேளுங்கள். பி. சீனிவாசராவ் போன்றவர்கள் கிராமம் கிராமமாக நடந்து விவசாயத் தொழிலாளர்களைச் சங்கமாக்கிய பிறகு, 1952இல் தஞ்சாவூர் குத்தகைதாரர், பண்ணையாள் பாதுகாப்புச் சட்டம் வந்தது. பண்ணையாளை நினைத்த நேரத்தில் விரட்டிவிட முடியாது என்று முதன்முதலாக இங்கே எழுத்தில் ஏறியது. அந்தப் பண்ணையாள்களின் பேரப்பிள்ளைகள்தான் இன்று உங்கள் கடைகளில் புடவை விரிக்கிறார்கள், உங்கள் ஆலைகளில் மூட்டை தூக்குகிறார்கள், உங்கள் பள்ளி வேனில் பிள்ளைகளை ஏற்றி இறக்குகிறார்கள். (வயலில் நாள் கூலிக்குப் போகிறவருக்கும் கொள்முதல் நிலையத்தில் மூட்டை தூக்குகிறவருக்கும் விடுப்பு கேட்க நிலையான ஒரு முதலாளிகூட இல்லை. அவர்களுக்காக அரசிடம் தனியாகப் பேச வேண்டும்.)

கடைத் தொழிலாளர்களுக்கு உட்கார இருக்கை தர வேண்டும் என்று 2021இல் தமிழ்நாடு அரசு சட்டத்தைத் திருத்தியதை நினைத்துப் பாருங்கள். கேரளம் அதை முன்பே செய்திருந்தது. இங்கே அப்போது எவ்வளவு முணுமுணுப்பு! வாடிக்கையாளர் வந்து நிற்கும்போது விற்பனைப் பெண் உட்கார்ந்திருந்தால் கடைக்கு மரியாதையா என்று என்னிடமே கேட்டவர்கள் உண்டு. பல கடைகளில் இப்போது ஸ்டூல் போட்டிருக்கிறார்கள். வியாபாரம் படுத்துவிடவில்லை. சில கடைகளில் ஸ்டூல் இருந்தும் உட்கார விடுவதில்லை. அது இன்னும் தீராத சண்டை.

மூன்று பேரை வைத்துக்கொண்டு கடை நடத்துகிறவரின் கஷ்டத்தையும் நான் அறிவேன். ஒரு ஆள் இல்லாவிட்டால் முதலாளியே தராசு பிடிக்க வேண்டும், மதியச் சாப்பாட்டுக்கு நகர முடியாது. அவரால் சம்பளம் கொடுக்க முடியாமல் போகலாம். இ.எஸ்.ஐ.யும் கிடையாது. அவரிடம் நான் கேட்பது, மாற்றாள் வைத்துக்கொள்ளுங்கள், ஆனால் இத்தனை மாதத்துக்கு மட்டும் என்று அந்த மாற்றாளிடம் முதலிலேயே சொல்லி வையுங்கள். நோயாளியிடம், உன் இடம் இருக்கிறது என்று வாயால் மட்டும் சொல்லாமல் தாளில் எழுதிக் கையெழுத்துப் போட்டுக் கொடுங்கள். நீங்கள் விலகல் கடிதம் வாங்கும் அதே அளவுத் தாள்தான். குடந்தையில் ஒரு பாத்திரக் கடைக்காரர் டயாலிசிஸுக்குப் போகும் தன் ஊழியரை வாரத்தில் அந்த மூன்று நாளும் விட்டுவிட்டு, மற்ற நாள்களில் பில் மேசையில் உட்கார வைத்திருக்கிறார். குடம் இறக்கி ஏற்றும் வேலையை வேறொருவரிடம் மாற்றிவிட்டார். அதற்கான சம்பளத்தைப் பேசி முடிவு செய்துகொண்டார்கள். அந்த ஊழியர் இன்றும் அங்கேதான் இருக்கிறார்.

காசநோய் பற்றி ஆலை முதலாளிகளுக்குத் தனியாக ஒரு வார்த்தை. நோய் என்று தெரிந்தால் வேலை போய்விடும் என்ற நிலை இருந்தால், ஆள் இருமலை மறைப்பார். மறைக்கிற ஒவ்வொரு வாரமும் தவிட்டுத் தூசியில் அவரோடு நிற்கிறவர்களுக்கு ஆபத்து. முறையாக மருந்து தொடங்கிச் சில வாரங்களில் பெரும்பாலானவர்களிடமிருந்து தொற்றும் அபாயம் வெகுவாகக் குறைந்துவிடும். மருத்துவர் தகுதிச் சான்று கொடுத்ததும் அவர் வேலைக்கு வரலாம். மருந்து இலவசம், சத்துணவுக்கு அரசே மாதம் 1,000 ரூபாய் கொடுக்கிறது. நீங்கள் செய்ய வேண்டியது, சொன்னால் வேலை போகாது என்ற நம்பிக்கையை அவருக்குக் கொடுப்பது.

பள்ளி நிர்வாகிகளுக்கும் ஒன்று. அரசுப் பள்ளி ஆசிரியருக்கு மருத்துவச் சான்றின் பேரில் விடுப்பு உண்டு, திரும்பி வர இடமும் உண்டு. அடுத்த தெருவில் அதே பாடத்தை நடத்தும் உங்கள் ஆசிரியைக்குக் கர்ப்பப்பை வாய்ப் புற்றுநோய் வந்தால், கல்வியாண்டு நடுவில் போகக் கூடாது என்ற ஒப்பந்தமும் உங்களிடம் மாட்டிக்கொண்ட அசல் சான்றிதழ்களும்தான் அவருக்கு மிச்சம். சான்றிதழ்களை முதலில் திருப்பிக் கொடுங்கள்.

தீபாவளி வியாபாரத்துக்கு ஆள் எடுப்பதற்கு முன்னால் உங்கள் சங்கங்கள் ஒரு கூட்டம் போடுவது வழக்கம். அந்தக் கூட்டத்தில் இதை எடுத்துப் பேச வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறேன். நோயில் இருப்பவரிடம் விலகல் கடிதம் வாங்குவதில்லை, மருத்துவமனைத் தேதிகளை விடுப்பாகப் பதிவேட்டில் எழுதுவது, திரும்பி வருகிறவருக்குச் சில மாதம் இலகுவான வேலை கொடுப்பது என்று தீர்மானம் போட்டாலே போதும். சிகிச்சை விடுப்புக்கு ஒரு பக்கத்தில் படிவம் தயாரித்து வைத்திருக்கிறேன். மருத்துவமனைத் தேதிகள், மாற்றாளின் காலம், திரும்பி வரும் மாதம், இரு பக்கமும் கையெழுத்து, அவ்வளவுதான் அதில் இருக்கும். இ.எஸ்.ஐ.யில் விடுபட்ட பெயர்களை ஏற்ற வேண்டும் என்றாலும், நோய்ப் பயனுக்கு விண்ணப்பிக்க வேண்டும் என்றாலும் கூலி வாங்காமல் செய்து தருகிறேன். கூட்டத்துக்கு என்னைக் கூப்பிட்டால் எந்த ஊருக்கும் வருகிறேன். கடை அடைக்கிற நாளாக இருந்தால் தொழிலாளர்களும் வந்து உட்கார முடியும்.

இப்படிக்கு,
சம்பளப் பேரேடு எழுதும் ஒருவர்,
கும்பகோணம்.